அடைக்கலம் விழுங்கிய மூன்று கோடு

வேப்பங்காட்டில் யாருக்கு என்ன குறை வந்தாலும் முதலில் சாமியிடம் சொல்வார்கள், அப்புறம் அடைக்கலத்திடம் சொல்வார்கள். சாமி கேட்டதோ இல்லையோ, அடைக்கலம் மறுநாள் காலையில் வெள்ளைத்தாளும் பேனாவுமாக வாசலில் வந்து நிற்பார். தென்னையும் கடலையும் போட்டுப் பிழைக்கிற மனுஷர்தான். ஆனால் திங்கட்கிழமை வந்துவிட்டால் மம்பட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, வெளுத்த சட்டை மாட்டிக்கொண்டு, புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். இதுவரை நாற்பத்தேழு மனு. அதனால் ஊரில் அவருக்குப் பெயர் மனு அடைக்கலம்.

அந்த நாற்பத்தேழில் மகுடம் ஒன்று உண்டு, பாலம். ஊருக்கும் ஆலங்குடி ரோட்டுக்கும் நடுவில் ஒரு காட்டோடை. முன்பெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு புதுக்கோட்டை போக இருபத்தொன்பது கிலோமீட்டர். எட்டு வருஷத்துக்கு முன்னால் அடைக்கலம் ஒரு மனு எழுதினார். ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டினால் தூரம் குறையும், டவுன் பஸ் விடலாம் என்று. பாலம் வந்தது. பின்னாலேயே பஸ்ஸும் வந்தது. அப்புறம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றும் ஆனது. அன்றிலிருந்து வேப்பங்காட்டுப் பெண்கள் அந்த பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அடைக்கலத்தை ஒரு வார்த்தை வாழ்த்திவிட்டுத்தான் ஏறுகிறார்கள். பூக்காரிகளும் கீரைக்காரிகளும் வாழ்த்துவது சும்மாவா? மனுஷர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததில் குற்றமில்லை.

அவருக்கு ஒரு கொள்கையும் இருந்தது. மனுவில் ஒரு வார்த்தை பொய் இருக்கக் கூடாது. ஒரு தடவை எதிர்வீட்டுக் கண்ணுசாமியின் மாடு இடி விழுந்து செத்தது. நிவாரணத்துக்கு எழுதும்போது, "ஒண்ணுன்னு எழுதுனா என்னண்ணே கிடைக்கும்? ரெண்டுன்னு போடுங்க" என்றார் கண்ணுசாமி. அடைக்கலம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியவர், மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் எழுதிக்கொடுத்தார். ஒரு மாடு என்றுதான்.

இந்த வருஷம் அவருடைய மகள் பிரகதீஸ்வரி பிளஸ் டூ முடித்தாள். ஊருக்கு அவள் ஈஸ்வரி. மார்க் நல்ல மார்க்தான். ஆனாலும் புதுக்கோட்டை அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. அவளைப் போலவே நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் மாவட்டம் முழுக்க இருந்தார்கள், இடங்கள்தான் இருக்கவில்லை. தனியார் கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். அங்கே கட்டணத்தைக் கேட்டபோது அடைக்கலத்தின் மனைவி ராஜலட்சுமி, "ஒரு வருஷத்துக்கா, மூணு வருஷத்துக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் அந்தத் திட்டம் வந்தது. இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அரசுக் கல்லூரி இல்லாத ஊர்ப் பிள்ளைகள் தனியார் கல்லூரியில் சேர்ந்தால், கட்டணத்தை அரசே கட்டும். படித்ததும் அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாட்டில் நியாயம் இன்னும் சாகவில்லை என்று ராஜலட்சுமியிடம் சொன்னார். மறுநாள் ஊர்ப் பட்டியல் வந்தது. வேப்பங்காட்டைக் காணவில்லை. நியாயம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

வேப்பங்காட்டுக்கு அப்பால், பஸ் போகாத மண்ரோட்டில் ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பள்ளிவாசல் குடியிருப்பு. அந்தப் பெயர் பட்டியலில் இருந்தது. அங்கே தேங்காய் வியாபாரம் செய்கிற ஹாஜா முகைதீன், அடைக்கலத்துக்கு முப்பது வருஷப் பழக்கம். பாலத்து மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான். அவர் மகள் ஆஃபியாவும் ஈஸ்வரியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே கல்லூரியில்தான் இடம் கிடைத்திருந்தது. ஆஃபியாவுக்கு உதவி உண்டு, ஈஸ்வரிக்கு இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கடலைக்கொல்லையும் ஒரு கண்மாயும்.

"எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு" என்றார் ஹாஜா, தேங்காய் எண்ணிக்கொண்டே. "ஒங்களுக்குப் பஸ்ஸு, எங்களுக்குப் படிப்பு. பாலத்தைக் கட்டுனப்ப எங்க தெரு வரைக்கும் பஸ்ஸக் கேளுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க கேக்கல. அல்லா கேட்டுட்டான்."

"சிரிங்க பாய், சிரிங்க" என்றார் அடைக்கலம். "எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல ஒக்காந்து ஸ்கேலை வச்சு மேப்புல அளந்திருக்கான். அவன் யாருன்னு பாக்காம விடப்போறதில்ல."

"பாத்துட்டு வாங்கண்ணே. பாவம், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்" என்றார் ஹாஜா. சிரித்தாரே தவிர, அன்று சாயங்காலம் ஆஃபியா ஃபாரத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, ஈஸ்வரிக்கும் முடிவு தெரியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டார். அதை அவர் அடைக்கலத்திடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அடைக்கலம் கலெக்டர் ஆபீஸில் விசாரித்து, கல்வி உதவிப் பிரிவில் நிலவழகன் என்ற இளம் அலுவலர் முன்னால் போய் நின்றார். மீசை முளைத்து நாலு வருஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பையனிடம் அடைக்கலம் ஒரு பிரசங்கமே செய்தார். கல்லூரி பக்கத்தில் இருந்தால் போதுமா, உள்ளே இடம் வேண்டாமா? தூரத்தை அளந்தவர்கள் நாற்காலியை எண்ணினார்களா? அப்படியே அளந்தாலும், ஒரு பொறுப்பு வேண்டாமா? எந்த மடையன் எங்கள் ஊரை இருபத்தைந்துக்குள் கொண்டுபோய் அடைத்தது?

நிலவழகன் பொறுமையாகக் கேட்டார். ஒரு பழைய ஃபைலை வரவழைத்துப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தி, படித்து, அடைக்கலத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"சார், ஒங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

"அடைக்கலம்."

"அப்ப இது நீங்கதான்" என்று ஃபைலைத் திருப்பி வைத்தார்.

அது பாலத்து மனு. அவரே கைப்பட எழுதியது. 'மனுதாரராகிய நான் சைக்கிளில் நேரில் சென்று, சக்கரச் சுற்றுகளை எண்ணி அளந்ததில், பாலம் வழியாகப் புதுக்கோட்டை சரியாக 24.64 கிலோமீட்டர்.' கீழே கையெழுத்து. அதற்கும் கீழே பச்சை மையில் யாரோ 'மிகவும் தெளிவான மனு' என்று எழுதியிருந்தார்கள்.

"பாலத்த இன்ஜினியருங்க அளந்தாங்க சார். ரோட்ட யாரும் அளக்கல. ஒங்க மனுவே அவ்வளவு தெளிவா இருந்துச்சு, அதையே எல்லாப் பட்டியல்லயும் போட்டுட்டாங்க" என்றார் நிலவழகன். குரலில் கேலி இல்லை, மரியாதைதான் இருந்தது. அடைக்கலத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது அந்த மூன்று கோட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், டவுன் பஸ் வேண்டுமென்றால் தூரம் இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்று யாரோ விஷயம் தெரிந்தவர் அடைக்கலத்திடம் சொன்னார். அரசாங்கத்துக்கு இந்த இருபத்தைந்தின் மேல் என்ன காதலோ தெரியவில்லை, எதற்கெடுத்தாலும் அதுதான். அடைக்கலம் சைக்கிளின் பின்சக்கரக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். ஃபோர்க்கில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகினார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் துணி குச்சியில் பட்டு 'டக்' என்று சத்தம் வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர். நாலாம் வகுப்பு ஈஸ்வரியைக் கேரியரில் உட்கார வைத்து, கையில் ரஃப் நோட்டும் பென்சிலும் கொடுத்தார். நூறு டக்குக்கு ஒரு கோடு. ஓடையில் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போனார்கள், அங்கேயும் எண்ணினாள். குழந்தை வழி முழுக்க வாய் ஓயாமல் எண்ணிக்கொண்டே வந்தாள். புதுக்கோட்டையில் இறங்கியபோது தொண்டை கட்டியிருந்தது.

கோடு நூற்றுப் பதினைந்து. இருபத்தைந்து கிலோமீட்டர் முந்நூறு மீட்டர்.

வெறும் முந்நூறு மீட்டருக்காக ஊருக்குப் பஸ் இல்லையா? அடைக்கலம் கல்லூரி வாசல் டீக்கடையில் மகளுக்கு ஒரு பன்னை வாங்கிக் கொடுத்துவிட்டு, ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு மூன்று கோட்டை விழுங்கினார். இரண்டை விழுங்கியிருந்தாலே போதும், மூன்றாவது பயத்துக்கு. மகள் பன்னைத் தின்று முடிப்பதற்குள், அவள் கண் முன்னாலேயே நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். கண்ணுசாமியின் இரண்டாவது மாட்டுக்காக மூன்று நாள் மௌனவிரதம் இருந்த அதே மனுஷர்தான்.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் ராஜலட்சுமி கேட்டாள். "என்னாங்க, அந்த மடையனப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் அடைக்கலம். அதுவும் உண்மைதான்.

ஈஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பரவால்லப்பா. நா கரஸ்ல, தபால் மூலமாவே படிச்சுக்கிறேன். ஆலங்குடி ஜவுளிக்கடையில ஆள் எடுக்குறாங்களாம். ரெண்டையும் பாத்துக்கலாம்." கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பதைப் போலச் சொன்னாள். அழுதிருந்தால்கூட அடைக்கலத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஃபாரம் கொடுக்க அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

உண்மையைச் சொன்னால் மகளுக்குப் படிப்பு. ஆனால் மனு அடைக்கலத்தின் மனு பொய் என்று ஊர் சிரிக்கும். அதுகூடப் போகட்டும், தூரம் இருபத்தைந்தைத் தாண்டுகிறது என்று தெரிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டால்? தினமும் பூக்கூடையோடு ஏறுகிற பெண்கள் வாழ்த்திய வாயாலேயே வைவார்கள். அவர்களில் ராஜலட்சுமியும் ஒருத்தி. அடைக்கலத்துக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். உண்மையையும் சொல்ல வேண்டும், பொய் சொன்னதாகவும் இருக்கக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் நாற்பத்தேழு மனு எழுதிய கைக்கு அது ஒரு வேலையா? நாற்பத்தெட்டாவது மனுவை எழுதினார். 'மேற்படி அளவீட்டின்போது சைக்கிள் டயரில் காற்று குறைந்திருந்த காரணத்தால், தூரம் சற்றுக் குறைவாகக் கணக்கிடப்பட்டுவிட்டது என்பதைத் தற்போது பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' படித்துப் பார்த்தார். அவருக்கே பிடித்திருந்தது. பிழை பார்க்கச் சொல்லி ஈஸ்வரியிடம் நீட்டினார்.

அவள் ஒரு தடவை படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லப்பா. ஆனா…"

"என்ன ஆனா?"

"காத்து கொறஞ்சா டயர் அமுங்கும். சக்கரம் சின்னதா ஆயிரும். அப்ப அதே ரோட்டுக்கு அதிகமாத்தானே சுத்தும்? தூரம் கூடத்தான் காட்டும், கொறையாது."

அடைக்கலம் தாளை வாங்கி, நாலாக மடித்து, மடியில் செருகிக்கொண்டார். பெண் பிள்ளையை நன்றாகப் படிக்க வைத்தால் என்னென்ன தொல்லை வரும் என்று அவருக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவர் ஈஸ்வரியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஹாஜா முகைதீனும் ஆஃபியாவின் ஃபாரத்தோடு வந்தார். கண்ணுசாமி தன்னுடைய பட்டா விஷயமாக வந்தார். ராஜலட்சுமி பூக்கூடையோடு முன்சீட்டில். ஒரு மனுஷன் மானத்தை விடப் போகிறபோது சாட்சிக்கு ஆள் சேர்வதற்குப் பஞ்சமே இல்லை. பஸ் பாலத்தைத் தாண்டும்போது யாரோ ஒரு கிழவி, "இந்தப் பாலத்தக் கொண்டாந்த மகராசன் நல்லா இருக்கணும்" என்றாள். மகராசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிலவழகனின் மேஜை முன்னால் நின்றபோது, அடைக்கலம் புது மனு எதையும் எடுக்கவில்லை.

"தம்பி, அந்த மனுவுல தூரம் தப்பு" என்றார். உடனே அதையும் திருத்தினார். "தப்பு இல்ல, பொய். நாந்தான் கொறச்சு எழுதுனேன். நூத்திப் பதினஞ்சு கோட்ட நூத்திப் பன்னெண்டுன்னு போட்டேன். ஊருக்குப் பஸ்ஸு வேணும்னு. இருபத்தஞ்சு புள்ளி மூணுதான் நெசம். என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. எங்க ஊர்ல என் மகளையும் சேத்து மூணு பிள்ளைங்க இருக்கு, அதுகளுக்கு அது வினையாகக் கூடாது."

பின்னால் நின்ற கண்ணுசாமி பட்டாக் காகிதத்தை மடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"பஸ்ஸ மட்டும் நிறுத்திராதீங்க தம்பி" என்று சேர்த்துக்கொண்டார் அடைக்கலம்.

"பஸ் வேற துறை சார்" என்றார் நிலவழகன். "அவங்க ஃபைல நாங்க பாக்குறதில்ல, எங்க ஃபைல அவங்க பாக்குறதில்ல. கவலப்படாதீங்க." அரசாங்கத்தில் இப்படியும் ஒரு வசதி இருப்பது நாற்பத்தேழு மனு எழுதிய பிறகும் அடைக்கலத்துக்குத் தெரியாமல் இருந்தது. "ஆனா நேர்ல அளக்க ஆள் அனுப்பணும்னா நான் மேல எழுதணும். சும்மா வாய்வார்த்தையா எழுத முடியாதே. அன்னைக்கு அளந்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"எட்டு வருஷம் ஆச்சு தம்பி. அந்தச் சைக்கிளே இப்ப இல்ல" என்றார் அடைக்கலம்.

அப்போது ஈஸ்வரி தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தாள். மார்க் ஷீட்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அடியிலிருந்து ஒரு ரஃப் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அட்டை போய், ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. உள்ளே பென்சில் கோடுகள். ரோடு நன்றாக இருந்த இடத்தில் நேராகவும், பள்ளம் வந்த இடத்தில் கோணலாகவும், ஓடை மணலில் தள்ளிக்கொண்டு போன இடத்தில் ரொம்பக் குட்டையாகவும். நடுவில் ஒரு இடத்தில் 'டீ குடித்தோம்' என்று எழுதியிருந்தது. கடைசியில் குழந்தைக் கையெழுத்தில் மொத்தம் 115. அதன் கீழே தேதி.

நிலவழகன் ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ணினார். ஹாஜா முகைதீனும் எட்டிப் பார்த்துக்கொண்டு கூடவே எண்ணினார், தேங்காய் எண்ணுகிற வேகத்தில். முதலில் முடித்தவரும் அவர்தான்.

"நூத்திப் பதினஞ்சு. அளக்க ஆள அனுப்புங்க சார்" என்றார். "எங்க தெரு ஃபாரத்தையும் சேத்து வாங்கிக்கங்க. இதுக்காகத்தான் வச்சுக்கிட்டு இருந்தேன்."

புதன்கிழமை ஒரு ஊழியர் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். 25.31 என்றது சக்கரம். பத்து மீட்டர்தான் கூட. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பிள்ளைகளின் ஃபாரமும் போய்ச் சேர்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், முந்தைய நிறுத்தத்துப் பிள்ளைகள் நாலு பேர் இன்னமும் இருபத்தைந்துக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கல்லூரியில் இடம் இல்லை, உதவியும் இல்லை. அதற்குத்தான் அடைக்கலம் நாற்பத்தெட்டாவது மனுவை மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் சைக்கிள் எதுவும் வராது.

ஆனால் அது பிறகு. அந்தத் திங்கட்கிழமை திரும்பி வரும் பஸ்ஸில், ஏறியதுமே நடந்ததையெல்லாம் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்த கண்ணுசாமி பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார். "ஏண்ணே, அந்த ரெண்டாவது மாடு…"

"கொல்லுங்கப்பா, நீங்களும் கொல்லுங்க" என்றார் அடைக்கலம். பஸ்ஸே சிரித்தது. சிரித்ததே தவிர, யாரும் வையவில்லை. ராஜலட்சுமி மட்டும் கூடையில் மிச்சமிருந்த பூவிலிருந்து ஒரு முழம் எடுத்து மகளின் தலையில் வைத்துவிட்டு, "மூணு கோட்ட முழுங்கிட்டு எட்டு வருஷமா எப்புடிங்க செரிச்சுச்சு?" என்று கணவனைக் கேட்டுவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு அடைக்கலம் மகள் பக்கம் திரும்பினார்.

"அந்த நோட்டு ஒங்கிட்ட எப்ப இருந்து இருக்கு?"

"எப்பவும் இருக்குப்பா. பட்டியல் வந்த அன்னைக்கே எடுத்துப் பையில வச்சுட்டேன்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே ஆத்தா. இந்தப் பத்து நாளா நா செத்துச் செத்துப் பொழச்சேன்."

"நானாப் போயிக் குடுத்தா ஒங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். நீங்க சொன்னதுக்கப்புறம் குடுத்தா, சாட்சி சொன்ன மாதிரி."

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே ஓடையில் தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். அந்த மணலில் ஒரு காலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது, கேரியரில் உட்கார்ந்து ஒரு குழந்தை தொண்டை கட்ட எண்ணிக்கொண்டு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"நா சொல்லாமலே இருந்திருந்தா?"

ஈஸ்வரி நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"கரஸ்ல படிச்சிருப்பேன்ப்பா" என்றாள்.

மனு அடைக்கலம் மகளின் பையை வாங்கி, வேப்பங்காடு வரும்வரை தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.